ஒதுக்கிய இறால்களுக்கு ஒரு தொட்டி

வாரத்தில் ஒரு நாள், வீட்டில் நிறத்துக்காக வளர்க்கிற செர்ரி இறால் தொட்டிக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிடுவேன். கையில் ஒரு சின்ன வலை, பக்கத்தில் தொட்டித் தண்ணீர் நிரப்பிய வெள்ளைக் கிண்ணம். தீனி வில்லை ஒன்றைத் தரையில் போட்டால் பத்து நிமிடத்தில் அத்தனை இறாலும் வந்து மொய்த்துவிடும். பார்ப்பதற்கு அதுதான் நல்ல நேரம். கால் நுனி வரைக்கும் சிவப்பு இறங்கியவை இருக்கும். அங்கங்கே நிறம் விட்டுப்போய்க் கண்ணாடித் திட்டு தெரிபவையும் இருக்கும். கன்னத்தில் நாலு சிவப்புப் புள்ளியைத் தவிர வேறு நிறமே இல்லாமல் எங்காவது ஒன்று நிற்கும். அதை வலையில் எடுத்துக் கிண்ணத்தில் விடுவேன். கிண்ணத்திலிருந்து அது இரண்டாம் தொட்டிக்குப் போகும்.

அந்த இரண்டாம் தொட்டியைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

இறால் வளர்ப்பவர்கள் இப்படிப் பொறுக்கி எடுப்பதைக் ‘கல்லிங்’ என்பார்கள். பொறுக்கியவற்றை விடும் தொட்டி ‘கல் டேங்க்’. தமிழில் ஒரு சொல் தேடினால் ‘கழிசல்’ உடனே நாவில் வருகிறது. தரம் பிரித்தபின் மிஞ்சும் சரக்கைச் சொல்கிற சொல் அது. உயிரோடு நீந்திக்கொண்டிருப்பதை அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால் என் நோட்டில் முதல் தொட்டி, இரண்டாம் தொட்டி என்றே எழுதி வைத்திருக்கிறேன்.

பொறுக்காமல் விட்டால் என்ன ஆகும் என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. நாம் செர்ரி இறால் என்று வாங்குகிற நியோகாரிடினா டேவிடி கிழக்கு ஆசியாவின் ஓடைகளில் வாழ்கிற இனம். அங்கே அதற்குச் சிவப்பு கிடையாது. பழுப்பும் பச்சையும் கலந்த, பாதி ஊடுருவித் தெரிகிற உடம்பு. இலைச் சருகுக்கு நடுவே நின்றால் மீனின் கண்ணுக்குப் படாது. அந்தக் கூட்டத்தில் எப்போதோ தோன்றிய சிவப்பை மனிதர்கள் பிரித்து வைத்து, அதன் பிள்ளைகளில் இன்னும் சிவந்ததைப் பிரித்து வைத்து, பல தலைமுறை இப்படியே செய்து வந்ததன் பலன்தான் இன்று தொட்டியில் பார்ப்பது. நீலம், மஞ்சள், ஆரஞ்சு எல்லாம் வந்தது இதே இனத்திலிருந்து, இதே வழியில். பிரிப்பதை நிறுத்தினால் நிறம் மெல்ல மெல்ல வெளுக்கும். ஒரு சினைக்கு 20, 30 முட்டை. வயிற்றுக்கடியில் மூன்று நான்கு வாரம் சுமந்த பிறகு குஞ்சு பொரியும். அந்தக் குஞ்சு இரண்டு மூன்று மாதத்தில் தானே பருவத்துக்கு வந்துவிடும். தலைமுறை இவ்வளவு வேகமாகப் புரளும்போது, ஒரு வருடம் கண்டுகொள்ளாமல் விட்ட தொட்டி அடையாளம் தெரியாமல் மாறிப்போகும்.

அதனால் பொறுக்குவது தப்பில்லை என்றே நினைக்கிறேன். ஆனால் பொறுக்கியபின் அந்த உயிரை என்ன செய்கிறோம் என்பது வேறு கேள்வி. அதை நான் முதலில் கேட்டுக்கொள்ளவே இல்லை.

முதல் முறை பதினோரு இறாலை எடுத்து ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் விட்டேன். நாலு லிட்டர் பிடிக்கும். ஃபில்டர் இல்லை, பாசி இல்லை, ஒரு கொத்துச் செடி மட்டும் மிதந்தது. ‘தற்காலிகம்தானே’ என்று சொல்லிக்கொண்டேன். நாலாம் நாள் ஒன்று பக்கவாட்டில் கிடந்தது. பத்தாம் நாள் மூன்றுதான் மிச்சம். கழிவை உடைக்கும் பாக்டீரியா குடியேறாத தண்ணீரில் அம்மோனியா ஏறிக்கொண்டே போகும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். முதல் தொட்டியை வைக்கும்போது ஒன்றரை மாதம் வெறும் தண்ணீரை ஓடவிட்டுக் காத்திருந்தவன் நான். அதே பொறுமையை இவற்றுக்குக் காட்டத் தோன்றவில்லை. அந்த எட்டின் சாவும் என் கையால் நடந்தது.

அதன் பிறகுதான் முறையாக ஒரு தொட்டி வைத்தேன். 30 லிட்டர். கறுப்புச் சிறுகல் தரை, ஏர் பம்பில் ஓடுகிற ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஒரு மரக்கட்டை, அதில் கட்டிய ஜாவா மாஸ் என்ற பாசி. மோட்டார் ஃபில்டர் வைத்தால் அதன் வாயில் குஞ்சுகள் இழுபட்டுப் போகும். ஸ்பாஞ்சில் அந்தப் பயம் இல்லை, அதன் மேல் படிகிற நுண்ணுயிர்ப் படலத்தைக் குஞ்சுகள் நாள் முழுக்க மேய்ந்துகொண்டும் இருக்கும். முதல் தொட்டியின் ஸ்பாஞ்சைப் புதுத் தண்ணீரில் பிழிந்துவிட்டேன். பார்க்க அழுக்காக இருந்தாலும், அந்தக் கலங்கலோடுதான் வேண்டிய பாக்டீரியா வந்து சேர்கிறது. அப்படியும் நாலு வாரம் காத்திருந்து, அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் என்று பார்த்த பிறகே இறாலை விட்டேன். தண்ணீர் இரண்டு தொட்டிக்கும் ஒன்றுதான்: அமில காரத் தன்மையைச் சொல்லும் பிஎச் 7-ஐ ஒட்டி, கடினத்தன்மையைச் சொல்லும் ஜிஎச் 7 அல்லது 8, கரைந்த உப்புகளின் அளவான டிடிஎஸ் 200 சுற்றி. ‘இது ஒதுக்கினதுதானே’ என்று தண்ணீரில் கை வைத்தால் ஓடு கழற்றும்போது அது தெரிந்துவிடும். கால்சியமும் மக்னீசியமும் குறைந்த தண்ணீரில் பழைய ஓடு சரியாகப் பிளக்காமல், கழுத்துக்குப் பின்னால் வெள்ளையாக ஒரு வளையம் விழும். பெரும்பாலும் அந்த இறால் பிழைக்காது.

அந்தத் தொட்டி எனக்கு முதலில் புரிய வைத்தது, என் கண் எவ்வளவு அவசரப்படுகிறது என்பதை. அங்கே போன மூன்றாவது வாரம், நான் ஒதுக்கிய இறால்களில் ஐந்தாறு நன்றாகச் சிவந்திருந்தன. முதல் தொட்டியில் இருக்கிற தேர்ந்தெடுத்த கூட்டத்துக்குக் கொஞ்சமும் குறைவில்லாத சிவப்பு. எனக்கு நம்ப முடியவில்லை. பிறகு யோசித்தால் காரணம் எளிது. அப்போது முதல் தொட்டியின் தரை வெளிர் மணல். இறாலின் நிறச்செல்கள் சுற்றுப்புறத்துக்கு ஏற்ப விரியும், சுருங்கும். வெளிர்த் தரையில் வெளுக்கும், கருந்தரையில் ஆழமாகும். தண்ணீர் மாற்றிய அன்றும், பயந்த நேரத்திலும், ஓடு கழற்றிய புதிதிலும் அதே இறால் இன்னொன்று போலத் தெரியும். ஆண்கள் இயல்பிலேயே பெண்களைவிட வெளிறிய நிறம். இதையெல்லாம் கணக்கில் எடுக்காமல், விளக்கைப் போட்ட ஐந்தாம் நிமிடத்தில் நான் வலையை நீட்டியிருக்கிறேன்.

இப்போது இரண்டு மாதத்துக்குக் குறைந்த எதையும் எடுப்பதில்லை. சந்தேகமாக இருந்தால் ஒரு வாரம் விட்டு, அதே விளக்கில், அதே நேரத்தில் திரும்பப் பார்ப்பேன். ஆணை ஆணோடும் பெண்ணைப் பெண்ணோடும்தான் ஒப்பிடுவேன். அப்புறம் இன்னொன்று. நிறம் கொஞ்சம் குறைந்தாலும் நன்றாகத் தின்று, மூன்று நான்கு முறை சினை பிடித்து, எல்லாக் குஞ்சையும் பொரித்துக் கொடுத்த பெண்ணை முதல் தொட்டியிலேயே விட்டுவிடுகிறேன். நிறத்தை மட்டும் பார்த்துச் சலித்துக்கொண்டே போனால், நெருங்கிய சொந்தத்துக்குள்ளேயே இணைந்து இணைந்து கூட்டம் பலவீனமாகும். சட்டென்று ஒரு வெயில் காலத்தையோ தண்ணீர் மாற்றத்தையோ தாங்காமல் கொத்தாகச் சாகிற தொட்டிகளைப் பார்த்திருக்கிறேன்.

சரி, இவையெல்லாம் வளர்ப்பு நுணுக்கம். இரண்டாம் தொட்டியின் முன்னால் என்னை மணிக்கணக்கில் உட்கார வைத்தது வேறு ஒன்று.

அங்கே ஒரு பெண் இருந்தது. ஒதுக்கியவற்றின் பிள்ளை, நிறம் துளியும் இல்லை. உடம்பு முழுக்கத் தெளிவு, முதுகில் மட்டும் மண்ணைத் தூவினது போல மெல்லிய புள்ளிகள். ஒரு மாலை அது கண்ணாடியை ஒட்டி வந்து நின்றது. பூதக்கண்ணாடி கைக்கு எட்டும் தூரத்தில் இருந்ததால் எடுத்துப் பார்த்தேன். தலைக்குப் பின்னால், ஓட்டின் பின்பாதியில், ஏதோ படபடத்தது. முதலில் ஏதாவது புழுவோ என்று பயந்தேன். அது இதயம். எண்ண முடியாத வேகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. அதற்கு முன்னால் இரைப்பை, அதில் காலையில் போட்ட கீரையின் பச்சை. அங்கிருந்து முதுகை ஒட்டிக் கடைசிவரை ஓடுகிற ஒரு கருங்கோடு, குடல். அந்தக் கோடு விட்டுவிட்டு நகர்வதைப் பார்த்துக்கொண்டே இருந்தால், தின்றது வெளியே வருவதுவரை பார்க்கலாம். கழுத்தின் மேல், குதிரைக்குப் போட்ட சேணம் மாதிரி பச்சையாக ஒரு பொதி. சினைப்பையில் முதிர்ந்துகொண்டிருக்கும் முட்டைகள்.

சில நாள் கழித்து அது ஓடு கழற்றியது. அன்று தொட்டியில் இருந்த ஆண்கள் அத்தனையும் பைத்தியம் பிடித்தது போல இங்கும் அங்கும் நீந்தின. புதிதாக ஓடு மாற்றிய பெண் தண்ணீரில் ஒரு வாசனையை விடுகிறது, அதைத் தேடித்தான் இந்த ஓட்டம். அந்தப் பெண்ணோ மாஸுக்கு அடியில் ஒடுங்கி நின்றது. மறுநாள் காலையில் சேணம் காலி. முட்டைகள் வயிற்றுக்கடியில் இறங்கியிருந்தன. இருபத்திரண்டு என்று எண்ணினேன், ஒன்றிரண்டு விட்டுப்போயிருக்கலாம்.

பிறகு தினமும் பார்த்தேன். நீந்துகால்களை முன்னும் பின்னும் ஆட்டி முட்டைகளுக்கு நல்ல தண்ணீர் வீசிக்கொண்டே இருக்கும். தின்னும்போதும் நிறுத்தாது. நடுவில் ஒரு காலை மடக்கி உள்ளே விட்டு, முட்டைகளை ஒவ்வொன்றாகத் தடவிப் புரட்டும். கெட்டுப்போனது ஒன்று வெளுத்தபோது, அதைத் தானே எடுத்துப் போட்டது. மூன்றாம் வாரக் கடைசியில் ஒவ்வொரு முட்டைக்குள்ளும் இரண்டு கறுப்புப் புள்ளிகள் தோன்றின. கண்கள். முட்டையே கிட்டத்தட்ட ஒரு மில்லிமீட்டர்தான். அதற்குள் கண், அந்தக் கண்களுக்குக் கீழே ஒரு சின்னத் துடிப்பு. தாயின் இதயம் மேலே அடிக்கிறது, பிள்ளைகளின் துடிப்பு கீழே. இரண்டையும் ஒரே பார்வையில் பார்த்தேன்.

இதெல்லாம் சிவப்பு இறாலுக்குள்ளும் அப்படியே நடக்கிறது. இரண்டு வருடமாக அதை வளர்த்தும் நான் பார்த்ததில்லை. நிறம் அடர்ந்திருந்தால் சேணம் தெரியாது, இதயம் தெரியாது. எது இதையெல்லாம் மறைக்கிறதோ அதையே நல்ல ரகம் என்று தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தேன்.

தேனீ இறால் என்ற இன்னொரு வகையை வளர்ப்பவர்களுக்கு, அதில் கிரிஸ்டல் ரெட் என்ற ரகம் வந்த கதை தெரிந்திருக்கும். ஜப்பானில் ஹிசயாசு சுசுகி, 1990களில், கறுப்பு வெள்ளைப் பட்டை போட்ட தன் தேனீ இறால்களுக்கு நடுவே சிவப்பு வெள்ளையாக ஒன்றைக் கண்டு தனியே பிரித்து வளர்த்தார். இன்று எஸ், எஸ்எஸ் என்று தரம் போட்டு வளர்க்கிற பரம்பரை அங்கிருந்து வந்தது. கூட்டத்தோடு ஒத்துப்போகாத ஒன்றை அவர் தூக்கிப் போடவில்லை, தனித் தொட்டி கொடுத்தார். நல்ல கறுப்பைத் தேடி மட்டும் பொறுக்குகிற கண்ணுக்கு அந்தச் சிவப்பும் ஒதுக்க வேண்டியதாகத்தான் பட்டிருக்கும்.

ஒரு பெரிய தவறையும் இங்கே எழுதியாக வேண்டும். புதிதாக ஒரு கட்டுச் செடி வாங்கினேன். பண்ணையில் பூச்சிமருந்து அடித்த செடி இறாலைக் கொல்லும், அதனால் நேரே தொட்டியில் வைக்கக் கூடாது என்று தெரியும். ‘முதலில் இரண்டாம் தொட்டியில் வைத்துப் பார்ப்போம், ஒன்றும் ஆகவில்லை என்றால் முதல் தொட்டிக்கு மாற்றுவோம்’ என்று நினைத்தேன். மாலை ஆறு மணிக்கு வைத்தேன். ஒன்பது மணிக்குச் சில இறால்கள் சுழன்று சுழன்று நீந்தின. பதினொரு மணிக்கு நிறைய மல்லாந்து கிடந்து கால்களை உதறின. செடியைப் பிடுங்கினேன், பாதித் தண்ணீரை மாற்றினேன், நஞ்சை உறிஞ்சும் கார்பன் போட்டேன். காலைக்குள் நாற்பதுக்கு மேல் போய்விட்டது. அந்தக் கண்ணாடிப் பெண்ணும் போய்விட்டது. செத்தபின் அதன் உடம்பு வெந்த இறால் போல இளஞ்சிவப்பாகிக் கிடந்தது. உயிரோடு இருந்தவரை அதற்கு வராத நிறம்.

செடி விற்றவர் மேல் எனக்குக் கோபம் இருந்தது. ஆனால் தொட்டியைக் காலி செய்துகொண்டிருக்கும்போது இன்னொன்று உறைத்தது. எதற்காக இரண்டாம் தொட்டியில் வைத்தேன்? அங்கே செத்தால் பரவாயில்லை என்று என் மனதின் ஓர் ஓரம் ஏற்கெனவே முடிவு செய்திருந்தது. இப்படிச் சோதித்துப் பார்க்கத்தான் கல் டேங்க் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். புதுத் தீனி, புது உரம், புது மருந்து எல்லாம் முதலில் அங்கே. நான் அதைச் செய்வதை விட்டுவிட்டேன். புதுச் செடி இப்போது இறாலே இல்லாத வாளியில், தினம் தண்ணீர் மாற்றி, மூன்று வாரம் இருக்கும். அவசரமென்றால் ஆய்வகத்தில் திசு வளர்ப்பில் வளர்த்து டப்பியில் வருகிற செடியை வாங்குவேன், அதில் பூச்சிமருந்துப் பயம் இல்லை. மீன் மருந்து எதுவானாலும் செம்பு கலந்திருக்கிறதா என்று பார்க்காமல் எந்தத் தொட்டிப் பக்கமும் கொண்டுபோக மாட்டேன்.

எண்ணிக்கையைப் பற்றி எப்போதும் கேட்பார்கள். இரண்டாம் தொட்டியும் பெருகத்தானே செய்யும்? செய்யும். தீனியைக் குறைத்தால் வேகம் தானாகக் குறைகிறது. நான் வாரம் இரண்டு முறைதான் போடுகிறேன். மற்ற நாளில் அவை பாசியையும் ஊறிய பாதாம் இலையையும் மேய்ந்துகொள்ளும். ஆண்களை மட்டும் விட்டால் பெருக்கமே இருக்காது என்று ஒரு தடவை முயன்றேன். பெண்ணுக்கு அடிவயிறு வளைந்து ஆழமாக இருக்கும், ஆண் ஒல்லி. ஆனால் வளர்ந்தும் வளராமலும் இருக்கிற வயதில் பிரித்துச் சொல்வது கடினம். ஒரே ஒரு பெண் தப்பிப் போனது, இரண்டு மாதத்தில் குஞ்சுகள் ஓடின.

நிறைய ஆனால் கேட்பவர்களுக்குக் கொடுத்துவிடுவேன். கொடுக்கும்போது முதல் வார்த்தையே ‘இது ஒதுக்கியது’ என்பதுதான். என்னிடம் கொஞ்ச காலம் நீலமும் இருந்தது, அதன் ஒதுக்கல்களும் இங்கேதான் வந்தன. நீலமும் சிவப்பும் ஒரே இனம் என்பதால் கலந்துவிடும், பிள்ளைகள் பெரும்பாலும் காட்டுப் பழுப்புக்கே திரும்பும். அதனால் பார்க்கச் சிவப்பாக இருந்தாலும் உள்ளே என்ன ஒளிந்திருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. இந்தத் தொட்டியில் பிறந்த ஒன்றைச் சுத்தப் பரம்பரை என்று கொடுத்தால், வாங்குகிறவரின் பல மாத உழைப்பைக் கெடுத்த பாவம் சேரும். நான் அவசரப்பட்டு ஒதுக்கியது திரும்பச் சிவந்தால்கூட முதல் தொட்டிக்குத் திருப்பி விடுவதில்லை. அது இங்கேயே இருக்கும்.

மீனுக்குத் தீனியாகப் போடுவதைப் பற்றி நண்பர்களோடு நிறைய வாதாடியிருக்கிறேன். மீன் இறாலைத் தின்பது இயற்கை, அதை நான் மறுக்கவில்லை. சும்மா சாகவிடுவதைவிட அது மேல் என்கிறவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. என்னால் முடியவில்லை, அவ்வளவுதான். இதைப் பிறக்க வைத்தது நான். நிறத்தின் மேல் எனக்கிருந்த ஆசையால் பிறந்து, அதே ஆசைக்குப் பொருந்தவில்லை என்று ஒதுங்கியது. அதற்கு முப்பது லிட்டர் தண்ணீரும் ஒரு பிடி பாசியும் கொடுக்க முடியாதென்றால், நான் முதல் தொட்டியை வைத்திருக்கவே கூடாது.

ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கு வாதமே கிடையாது. குளத்திலோ ஓடையிலோ கொண்டுபோய் விடுவது கூடவே கூடாது. ‘பாவம், எங்காவது பிழைக்கட்டும்’ என்று விடுபவர்களின் மனது புரிகிறது. ஆனால் பிழைத்துவிடும் என்பதுதான் பிரச்சினை. ஜெர்மனியில் அனல்மின் நிலையத்தின் வெதுவெதுப்பான நீர் கலக்கிற கில்பாக் ஓடையில் இந்த இறால் குடியேறிப் பெருகிவிட்டது. ஹவாயிலும் இப்படியே. தொட்டி இறாலின் தலையில் ஒட்டிக்கொண்டு வாழும் ஸ்கூட்டரியெல்லா போன்ற சின்ன உயிர்களும் கூடவே போகும். அந்த ஓடையில் ஏற்கெனவே இருக்கும் இறாலுக்கு இதைத் தாங்கும் வழி தெரியாது.

போன வாரம் பொறுக்கும்போது வலையில் ஒன்று வந்தது. இளம்பெண், முன்பாதியும் வாலும் நல்ல சிவப்பு. தலை ஓட்டின் பின்பக்கத்தில் மட்டும், கடுகளவு இருக்கும், நிறம் விட்டுப்போய்ச் சின்ன ஜன்னல் மாதிரி தெளிவு. கிண்ணத்தில் விட்டு, பூதக்கண்ணாடியை எடுத்து, அந்த ஜன்னல் வழியே பார்த்தேன். சரியாக அந்த இடத்தில்தான் இதயம் அடித்துக்கொண்டிருந்தது.

புதுத் தண்ணீருக்கு மெல்லப் பழகட்டும் என்று இரண்டாம் தொட்டியிலிருந்து கிண்ணத்துக்கு ஏர் டியூபை இறக்கி, அதில் ஒரு முடிச்சுப் போட்டு, நொடிக்கு ஒரு சொட்டு விழும்படி இறுக்கினேன். இரண்டும் ஒரே தண்ணீர்தான், இவ்வளவு வேண்டியதில்லை. இருந்தாலும் வைத்தேன். கிண்ணம் நிறைய முக்கால் மணி நேரம் ஆனது. பிறகு கிண்ணத்தை மெல்லச் சாய்த்ததும் அது தானே நீந்தி வெளியே வந்தது. மரக்கட்டையில் இறங்கி மீசையை இரண்டு தடவை ஆட்டியது. பக்கத்தில் இருந்த கிழட்டு ஆண் ஒன்று கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டது. இரண்டும் சேர்ந்து மாஸைக் கொறிக்க ஆரம்பித்தன.